கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராப் தாள்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற நான்கும் வந்தால் கடை நடத்திவிடலாம் என்று நம் முன்னோர் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் கடையை நடத்துவது வேறு. கடை எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு. பேரேட்டில் எண்கள் வரிசையாக நிற்கும். அவை ஏறுகின்றனவா இறங்குகின்றனவா, எவ்வளவு வேகத்தில் ஏறுகின்றன, எங்கே போய் முட்டும் என்பதையெல்லாம் எண்கள் தாமாக வாய் திறந்து சொல்வதில்லை. அதைச் சொல்ல வைக்கும் ஒரு எளிய கருவி ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதுதான் நேர்கோட்டு வரைபடம்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் தகப்பனாரின் மொத்தக் கடையில் வந்து உட்கார்ந்தவர் நாம். கிராப் தாளைப் பள்ளியோடு மறந்தாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து அதைப் பேத்தியிடம் மறுபடி கற்றுக்கொள்ள நேர்ந்தது. முன்னமே தெரிந்திருந்தால் ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய் நம் கையை விட்டுப் போயிருக்காது. அந்த அனுபவத்தை நம் சங்க நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு புள்ளி, ஒரு கோடு

நேர்கோட்டின் சிறப்பு என்னவென்றால், அதற்கு இரண்டே புள்ளிகள் போதும். மீதி அனைத்தும் அந்தக் கோட்டிலேயே அடங்கிவிடும். நம் பரங்கிமலைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அங்கேதான் தமது புகழ்பெற்ற நில அளவையைத் தொடங்கினார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியை வைத்து, சுமார் ஏழரை மைல் தூரத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். வெயிலில் சங்கிலி எவ்வளவு நீளும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் இந்தியா முழுவதையும் இமயமலை வரையில் அளந்த அந்த மாபெரும் வேலைக்கு இந்த ஒரு கோடுதான் அஸ்திவாரம். முதல் கோடு பிசகினால் பின்னால் வரும் எல்லா அளவும் பிசகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைக்கணக்கும் அப்படித்தான்.

வரைபடத்துக்கு வருவோம். படுக்கை வாட்டில் ஒரு கோடு, அது எக்ஸ் அச்சு. நெட்டுக்குத்தாக ஒரு கோடு, அது ஒய் அச்சு. எண்ணையும் படத்தையும் இப்படி இணைக்கும் வழியை 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் எழுதி வெளியிட்டார். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த சூத்திரம் 'ஒய் = எம் எக்ஸ் + சி' என்பது. இதில் 'எம்' என்பது சாய்வு, அதாவது கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது. 'சி' என்பது வெட்டுத்துண்டு, அதாவது கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பது.

நம் பாஷையில் சொன்னால், ஒரு பொட்டலமும் விற்காவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய வாடகை 'சி'. ஒவ்வொரு ரூபாய் விற்பனைக்கும் கையில் தங்கும் லாபம் 'எம்'. இவ்வளவுதான் விஷயம்.

ஆட்டோ மீட்டரும் இதே கணக்குதான். 2013-இல் அரசு சென்னைக்கு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். படம் போட்டால் 1.8 கிலோமீட்டர் வரையில் கோடு தரையாகப் போகும். பிறகு ஒரே சாய்வில் ஏறும். 4.8 கிலோமீட்டர் சவாரிக்கு 25-உடன் மூன்று 12-ஐக் கூட்டினால் 61 ரூபாய். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு அந்தக் கோட்டின்படி வாங்கிய ஓட்டுநர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். நாம் கணக்கை மட்டும் பேசுகிறோம்.

மூன்றரை லட்சம் ரூபாய் பாடம்

2012-இல் தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்கு அருகே ஒரு குறுக்குத் தெருவில், சில்லறைக் கிளை ஒன்று திறந்தோம். மொத்த வியாபாரம் செய்கிறவருக்குச் சில்லறை என்ன பெரிய வித்தை என்ற எண்ணம். கடை வாடகை 28,000 ரூபாய். ஆட்கள் இருவருக்குச் சம்பளம் 22,000. கரண்ட் 6,000. இதர செலவு 4,000. ஆக மாதம் 60,000 ரூபாய் நிலையான செலவு. அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் கலந்து பார்த்தால் விற்பனையில் நூற்றுக்கு எட்டு ரூபாய் நின்றது.

முதல் மாதத்தைவிட இரண்டாம் மாதம் விற்பனை கூடியது. மூன்றாம் மாதம் இன்னும் கொஞ்சம் கூடியது. கல்லாவில் பணம் புரண்டது. மனதுக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் மாதக் கடைசியில் மொத்தக் கடையிலிருந்து பணம் எடுத்துத்தான் கிளைக் கடைக்கு வாடகை கட்டினோம். 'புதுக் கடை அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்' என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். விற்பனை மாதம் ஐந்தரை லட்சத்தை ஒட்டியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு மாதம் கழித்து ஷட்டரை இறக்கினோம்.

எங்கே தவறு என்று அப்போது விளங்கவில்லை. வாடகையைக் குறை சொன்னோம், வேலையாட்களைக் குறை சொன்னோம், தெருவின் வாஸ்துவைக்கூடக் குறை சொன்னோம். பல ஆண்டுகள் கழித்துப் பேத்தி பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, அவள் கிராப் தாளில் கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சுவாக்கில் அந்தப் பழைய கணக்கைச் சொன்னோம். அவள் உடனே பென்சிலை எடுத்தாள்.

படுக்கை அச்சில் மாத விற்பனை, லட்சக் கணக்கில். நெட்டு அச்சில் ரூபாய். 60,000 என்ற உயரத்தில் செலவுக்காகப் படுக்கையாக ஒரு கோடு. லாபத்துக்கு இரண்டு புள்ளிகள்: விற்பனை இல்லையென்றால் லாபம் இல்லை, விற்பனை 10 லட்சம் என்றால் லாபம் 80,000. இரண்டையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்தாள். அந்தச் சாய்ந்த கோடு செலவுக் கோட்டை ஏழரை லட்சத்தில் வெட்டியது.

"தாத்தா, நீங்க ஏழரை லட்சம் வித்தாதான் செலவுக்கே சரியாப் போகும். அஞ்சரை வித்தா எப்படித் தாத்தா மிஞ்சும்?" என்று கேட்டாள்.

அந்தப் புள்ளிக்கு ஆங்கிலப் படிப்பாளிகள் ஏதேதோ பெயர் சொல்வார்கள். நாம் அதை 'முதலுக்கு மோசமில்லாத புள்ளி' என்று அழைப்போம். அதற்கு இடப்பக்கம் இருந்தால் எவ்வளவு உழைத்தாலும் கைநட்டம். வலப்பக்கம் வந்தால்தான் லாபம். ஐந்தரை லட்சத்துக்கு எட்டு சதவீதம் 44,000. செலவு 60,000. மாதம் 16,000 வீதம் இருபத்திரண்டு மாதத்துக்கு 3,52,000 ரூபாய். கடை திறப்பதற்கு முன் இந்தப் படத்தைப் போட்டிருந்தால், அந்தத் தெருவில் ஒரு நாளைக்கு 25,000 ரூபாய் விற்க முடியுமா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்போம். அதற்கு விடை, முடியாது என்பதே.

வாடகையா, சாய்வா?

இந்தப் படம் இன்னொரு உண்மையையும் காட்டியது. நம்மில் பலர் வாடகை உயர்வைப் பற்றித்தான் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். மேலே சொன்ன கடையில் வாடகை 4,000 ரூபாய் ஏறினால் என்ன ஆகும்? செலவுக் கோடு 64,000-க்கு உயரும். வெட்டும் புள்ளி ஏழரை லட்சத்திலிருந்து எட்டு லட்சத்துக்கு நகரும். அதாவது 50,000 ரூபாய் விற்பனை கூடுதலாக வேண்டும்.

அதே கடையில் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கொடுக்கிறோம், அல்லது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனிக்கு ஒரு ரூபாய் கமிஷன் கொடுக்கிறோம் என்று வையுங்கள். எட்டு சதவீதம் ஏழாகிறது. கோட்டின் சாய்வு படுத்துவிடுகிறது. இப்போது வெட்டும் புள்ளி ஏறக்குறைய 8,57,000-க்குப் போய்விடும். ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாக விற்றாக வேண்டும். நான்காயிரம் வாடகைக்கு ஒப்பாரி வைக்கும் நாம், 'ஒரு பர்சென்ட்தானே' என்று சிரித்துக்கொண்டே கொடுப்பதுதான் இரண்டு மடங்கு கனமாக இருக்கிறது.

இப்படி இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் புதிதல்ல. 1786-ஆம் ஆண்டிலேயே வில்லியம் பிளேஃபேர் என்பவர் இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரண்டு கோடுகளாக வரைந்து புத்தகமாக வெளியிட்டார். கோடுகள் வெட்டும் இடத்தில் நாட்டின் வியாபாரம் லாபப் பக்கத்துக்கு மாறுவது கண்ணுக்குத் தெரிந்தது. நாட்டுக்கு உதவியது நம் கடைக்கு உதவாதா?

தராசுக்குள் இருக்கும் கோடு

நண்பர்கள் ஒவ்வொருவர் கடையிலும் ஒரு நேர்கோடு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. அது எலக்ட்ரானிக் தராசு. தட்டுக்குக் கீழே 'லோட் செல்' என்ற உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது மிக நுட்பமாக வளையும். அதற்கேற்ப மின்சாரம் மாறும். அந்த மாற்றத்தை எடையாக மாற்றுவது ஒரு நேர்கோட்டுக் கணக்கு. மெக்கானிக் வந்து சரிசெய்யும்போது என்ன செய்கிறார்? தட்டைக் காலியாக வைத்து ஒரு புள்ளி, தெரிந்த படிக்கல்லை வைத்து இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளி, ஒரு கோடு. பரங்கிமலைக் கதைதான்.

ஆகவே தராசு இரண்டு விதமாகப் பொய் சொல்லலாம். ஒன்று, தொடக்கம் நகர்ந்துவிடுவது. தட்டு காலியாக இருக்கும்போதே 10 கிராம் பிசகு என்றால், எதை வைத்தாலும் அதே 10 கிராம்தான் பிசகும். 25 கிலோ அரிசியில் அது தூசு. 100 கிராம் ஏலக்காயில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மற்றது, சாய்வு பிசகுவது. கிலோவுக்கு 4 கிராம் பிசகு என்றால் 100 கிராம் ஏலக்காயில் ஒன்றும் தெரியாது. ஒரு கிலோவில்கூட, 5 கிராம் படியாகக் காட்டும் மிஷினில், கண்ணில் படாமல் போகலாம். 25 கிலோவில் 100 கிராம் போய்விடும். ஒரு கிலோ படிக்கல்லை மட்டும் வைத்துப் பார்த்து 'தராசு சரி' என்று சொல்லிவிடக் கூடாது. காலித் தட்டையும் பார்க்க வேண்டும். பெரிய எடையையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிசகு தெரிந்தால் முத்திரையை நாமே உடைத்துச் சரிசெய்யக் கூடாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை அழைத்துச் சரிசெய்து, மறுமுத்திரை போடவேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம் என்பது 2011-ஆம் ஆண்டு எடையளவு விதி. குறைத்து நிறுத்தால் வாடிக்கையாளருக்குத் துரோகம், கூட்டி நிறுத்தால் குடும்பத்துக்குத் துரோகம்.

அணாக் கணக்கும் கம்ப்யூட்டரும்

காகிதத்தில் போட்ட படத்தைப் பேத்தி மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். 'பைத்தான்' என்ற புரோகிராம் மொழியில் நாலைந்து வரிதான். விற்பனையைச் சைபரிலிருந்து பன்னிரண்டு லட்சம் வரையில் எடுத்துக்கொள், எட்டு சதவீதத்தால் பெருக்கு, அறுபதாயிரத்தைக் கழி, வரும் விடையைப் புள்ளியாக வை, புள்ளிகளைச் சேர். எட்டுக்குப் பதில் ஏழு என்று மாற்றினால் கோடு உடனே படுக்கிறது. அடையாற்றுப் பக்கம் ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370 என்ற பெரிய கம்ப்யூட்டரை நிறுவினார்கள். அந்தக் காலத்தில் அது பேராசிரியர்களின் பொருள். இன்று அதைவிட வேகமானது நம் சட்டைப் பையில் இருக்கிறது.

நமக்கு ஒரு சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டர் திரையும் சரி, பில் அடிக்கும் மிஷினும் சரி, கட்டம் கட்டமான புள்ளிகளால் ஆனவை. சாய்ந்த கோடோ இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் புகுந்து போகும். அரைப் புள்ளியை வைக்க முடியாதே, மிஷின் என்ன செய்கிறது? 1962-இல் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ஜாக் பிரெசன்ஹாம் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பின்னமே இல்லாமல், வெறும் முழு எண் கூட்டல் கழித்தலில் வேலையை முடித்தார். பேத்தி அதை விளக்கியபோது, 'இது நம் தகப்பனார் காலத்து அணாக் கணக்கல்லவா!' என்று சொல்லிவிட்டோம்.

பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் தினமும் ஆறணாவுக்குச் சாமான் வாங்குகிறார். அவரிடம் முழு ரூபாய் மட்டுமே இருக்கிறது. பாக்கி எட்டணாவோ அதற்கு மேலோ ஆனால் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் நாள் பாக்கி ஆறணா, வாங்கவில்லை. இரண்டாம் நாள் பன்னிரண்டணா, ஒரு ரூபாய் வாங்கினோம். நாலணா அவருக்கு முன்பணம். மூன்றாம் நாள் பாக்கி இரண்டணா. நான்காம் நாள் எட்டணா, ஒரு ரூபாய் வாங்கினோம், முன்பணம் எட்டணா. ஐந்தாம் நாள் முன்பணம் இரண்டணா. ஆறாம் நாள் பாக்கி நாலணா. ஏழாம் நாள் பத்தணா, ஒரு ரூபாய் வாங்கினோம், முன்பணம் ஆறணா. எட்டாம் நாள் கணக்கு நேர். எட்டு நாளில் மூன்று ரூபாய்.

கம்ப்யூட்டர் எட்டுக் கட்டம் வலப்பக்கமும் மூன்று கட்டம் மேலேயும் போகும் கோட்டை இப்படித்தான் போடுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பாக்கியைக் கூட்டிக்கொண்டே போகும். பாதி தாண்டினால் ஒரு கட்டம் மேலே ஏறும். கடைசியில் பாக்கி இல்லாமல் சரியான புள்ளியில் போய் நிற்கும். பாக்கியை மறக்காதவன் இலக்குத் தவறமாட்டான் என்பது மிஷினுக்கும் பொருந்துகிறது.

மந்தைவெளித் தம்பியின் கணக்கு

சென்ற ஆண்டு நம் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகன் கடைக்கு வந்தார். மந்தைவெளியில் தகப்பனாரின் மளிகைக் கடை, தினம் 16,000 ரூபாய் வியாபாரம். அடையாற்றில் மெயின் ரோட்டிலேயே ஒரு இடம் வந்திருக்கிறது, இரண்டாவது கடையாக எடுக்கப்போகிறேன், சரக்கைக் கடனாகக் கொடுத்து உதவவேண்டும் என்றார். மனைவியின் நகையை வைத்து அட்வான்ஸ் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்.

"உட்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிராப் தாளை எடுத்தோம். வாடகை 42,000, ஆட்கள் இருவருக்கு 28,000, கரண்டும் இதரமும் 8,000. "உங்க சம்பளம்?" என்று கேட்டோம். "நான் முதலாளி, எனக்கெதுக்கு அண்ணாச்சி சம்பளம்?" என்றார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று 12,000 சேர்த்தோம். மொத்தம் 90,000. அவருக்கு நிற்பது ஒன்பது சதவீதம். கோடுகள் பத்து லட்சத்தில் வெட்டின. தினம் 33,000 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். அவர் எதிர்பார்த்ததோ 25,000. அப்படியே நடந்தாலும் மாதம் 22,500 ரூபாய் கைநட்டம்.

தம்பி வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். நம்மேல் வருத்தமோ என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். அதே வட்டாரத்தில் உள்தெருவில் சின்ன இடம், வாடகை 20,000. ஓர் ஆளுக்கு 14,000, கரண்ட் 5,000, இதரம் 3,000, தம் சம்பளம் 12,000. ஆக 54,000. இம்முறை படத்தை அவரே போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோடு ஆறு லட்சத்தில் வெட்டியது. தினம் 20,000. நகையை வைக்காமலே அட்வான்ஸ் கொடுக்க முடிந்தது. சரக்கு கொடுத்தோம்.

இப்போது மாதா மாதம் அந்தத் தாளில் ஒரு புள்ளி வைக்கிறார். முதல் மாதம் 3.9 லட்சம், பிறகு 4.6, 4.9, 5.4, ஐந்தாம் மாதம் 5.6. இன்னும் வெட்டும் புள்ளியைத் தொடவில்லை. ஐந்தாம் மாதம் கைப்பிடித்தம் 3,600 ரூபாய். ஆனால் முதல் மாதம் அது 18,900 ஆக இருந்தது. "ஒரு வருஷம் பாப்பேன் அண்ணாச்சி. அப்பவும் ஆறு லட்சத்தைத் தொடலேன்னா சாவியைக் கொடுத்துடுவேன்" என்கிறார். இந்தத் தெளிவு 2012-இல் நமக்கு இல்லை. கடை ஜெயிக்குமா என்பது அவர் உழைப்பையும் அந்தத் தெருவையும் பொறுத்தது. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நிற்கிறார், அது பெரிது.

கோட்டின் எல்லை

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கோட்டை நம்பலாம், குருட்டுத்தனமாக நம்பக் கூடாது. தீபாவளி மாதத்துப் புள்ளியை வைத்து ஆண்டு முழுவதற்கும் கோடு இழுத்தால் ஏமாந்துபோவோம். அரிசியில் நிற்பது வேறு, மசாலாவில் நிற்பது வேறு. சரக்கின் கலப்பு மாறினால் சாய்வு மாறும். விற்பனை கூடி இன்னொரு ஆளைச் சேர்த்தால் செலவுக் கோடு படிக்கட்டுபோல ஒரு படி ஏறும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் புகுந்தது. அந்த மாதத்தை எந்தக் கோடும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அதற்குக் காப்பீடும் கைச்சேமிப்பும்தான் வேண்டும்.

நம்மால் கணக்கெல்லாம் ஆகுமா என்று நண்பர்கள் தயங்க வேண்டாம். கணித மேதை ராமானுஜனின் தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். ராமானுஜனே 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கடைக்கணக்கும் கணிதமும் என்றைக்கும் அந்நியமல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை சாத்தியபின், உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கிராப் தாள் கேட்டு வாங்குங்கள். நிலையான செலவை எழுதுங்கள். உங்கள் சம்பளத்தையும் மறக்காமல் சேருங்கள். நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்று உண்மையாக எழுதுங்கள். இரண்டு கோடு போடுங்கள். அவை எங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். பிறகு சென்ற மாத விற்பனைக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, அன்றிரவு உங்கள் கடையைப் பற்றி முன்பைவிட அதிகம் அறிந்தவராகத் தூங்கப் போவீர்கள்.